ஐந்து காலிக் கட்டங்கள்

1994 ஜூன் மாதம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்த தாமஸ் நைஸ்லி, தன் கணினிகள் போட்ட ஒரு நீளமான கூட்டல் கணக்கு ஒத்துவரவில்லை என்பதைக் கவனித்தார். அவர் ஆராய்ந்துகொண்டிருந்தவை இரட்டைப் பகா எண்கள்: 11, 13 போலவும் 17, 19 போலவும் இரண்டே இடைவெளியில் ஜோடியாக வரும் பகா எண்கள். அப்படிப்பட்ட ஒவ்வோர் எண்ணாலும் 1-ஐ வகுத்து, வரும் பின்னங்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். கோடி கோடியாக வகுத்தல்கள். இதற்காக அவர் ஓடவிட்டிருந்த கணினிகளோடு அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தது, இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் செயலி (கணினியின் கணக்கு வேலையைச் செய்யும் சிப்) பொருத்திய ஒன்று.

கணக்கு தவறினால் எவரும் முதலில் தன்னைத்தான் சந்தேகிப்பார். நைஸ்லியும் தன் நிரலைத் துருவினார். பிறகு நிரலைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை, பிறகு மதர்போர்டை. நான்கு மாதம் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில், கடைசியில் செயலி மட்டும்தான் மிஞ்சியது. 824633702441 என்ற பகா எண்ணால் 1-ஐ வகுத்து, விடையை மீண்டும் அதே எண்ணால் பெருக்கினால் 1 வர வேண்டும். பென்டியத்தில் 0.999999996 என்று வந்தது. பழைய 486 செயலியில் சரியாக வந்தது. அக்டோபர் 24 அன்று இன்டெலுக்குத் தெரிவித்தார். 30-ஆம் தேதி, தெரிந்த சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் கணினியிலும் இப்படி வருகிறதா என்று கேட்டார். அந்தக் கடிதம் சில நாட்களில் இணையக் குழுக்கள் எங்கும் பரவிவிட்டது.

31 லட்சம் டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு சிப்புக்கு வகுத்தல் எப்படித் தவறும்? அதைப் புரிந்துகொள்ள நாலாம் வகுப்பில் போட்ட நீள் வகுத்தலுக்குத் திரும்பிப் போகலாம்.

1479-ஐ 87-ஆல் வகுக்க வேண்டும். "147-இல் 87 எத்தனை தடவை போகும்?" என்று கேட்டுக்கொள்வோம். ஒரு தடவை. மீதி 60. 9-ஐக் கீழே இறக்கினால் 609. அதில் 87 ஏழு தடவை. ஈவு 17. இந்த வேலையில் கடினமான இடம் ஒன்றே ஒன்றுதான்: ஒவ்வொரு படியிலும் "எத்தனை தடவை" என்று ஊகிப்பது. கழித்தலும் இறக்குதலும் இயந்திர வேலை. ஊகம் தவறினால் அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும், நேரம் போய்விடும்.

அழிக்காமலே தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. 147-இல் 87 இரண்டு தடவை போகும் என்று கூடுதலாக ஊகித்துவிட்டோம் என்று வையுங்கள். 147-இலிருந்து 174-ஐக் கழித்தால் மீதி −27. கவலைப்படாமல் 9-ஐ இறக்குவோம்: −270-உம் 9-உம் சேர்ந்து −261. அது சரியாக 87-இன் −3 மடங்கு. ஆக ஈவில் பத்தின் இடத்தில் 2, ஒன்றின் இடத்தில் −3. இருபதில் மூன்று போனால் பதினேழு. விடை சரி! குறை இலக்கங்களை அனுமதித்தால், முதல் ஊகம் சற்றுப் பிசகினாலும் அடுத்த இலக்கம் அதைச் சரிக்கட்டிவிடும். இந்தச் சிந்தனை தமிழுக்குப் புதிதல்ல. எண்பதுக்கு அடுத்த பத்தை நூறை வைத்துத்தானே தொண்ணூறு என்கிறோம்.

1950களில் ஸ்வீனி, ராபர்ட்சன், டோச்சர் என்ற மூவர் தனித்தனியே கண்டறிந்த இந்த முறை, அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் எஸ்.ஆர்.டி. வகுத்தல் எனப்படுகிறது. பென்டியம் அதை நான்கின் அடிமானத்தில் செய்தது. அதாவது ஒரே படியில் ஈவின் இரண்டு இரும இலக்கங்கள் கிடைக்கும். 486-இல் படிக்கு ஒன்றுதான். நான்கின் அடிமானம் என்றால் இலக்கங்கள் 0, 1, 2, 3 என்றுதானே இருக்க வேண்டும்? பென்டியத்தில் −2, −1, 0, 1, 2 என்று வைத்தார்கள். இரும முறையில் ஓர் எண்ணை 2-ஆல் பெருக்குவது அதை ஓர் இடம் நகர்த்துவதுதான், செலவே இல்லை. 3-ஆல் பெருக்கத் தனியாக ஒரு கூட்டல் வேண்டும். 3 என்பதை 4-இல் 1 குறைவு என்று எழுதிவிட்டால் அந்தக் கூட்டல் மிச்சம். மிக அழகான வடிவமைப்பு இது.

ஊகிக்கும் வேலைக்கு சிப்புக்குள்ளேயே ஓர் அட்டவணை. ஒரு பக்கம் வகுக்கும் எண்ணின் முன் இலக்கங்கள், மறுபக்கம் மீதியின் முன் இலக்கங்கள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எடுக்க வேண்டிய இலக்கம் இருக்கும். மொத்தம் 2048 கட்டங்கள். அவற்றில் 1066-இல் மதிப்பு இருக்க வேண்டும், மற்றவை கணக்கு ஒருபோதும் போய்ச் சேராத இடங்கள் என்பதால் காலி. அட்டவணையின் விளிம்பில், 2 என்று இருக்க வேண்டிய ஐந்து கட்டங்கள் காலியாக விடுபட்டுப் போயின. காலிக் கட்டத்தைச் செயலி 0 என்று படிக்கும்.

ஊகம் சற்றுப் பிசகினால்தான் அடுத்த இலக்கம் சரிக்கட்டும். இந்த விளிம்பில் 2-க்குப் பதில் 0 என்றால் அது முடியாது. நம் கணக்கிலேயே பாருங்கள்: 147-இல் 87 பூஜ்யம் தடவை என்று எழுதிவிட்டால், 9-ஐ இறக்கியதும் 1479 நிற்கிறது. அதற்கு ஒரே இலக்கத்தில் 17 வேண்டும். அப்படி ஓர் இலக்கம் இல்லை. தொலைந்தது தொலைந்ததுதான், அதற்குப் பின் வரும் இலக்கங்கள் எல்லாம் தவறு.

கணித்து வைத்த மதிப்புகளைச் சிப்பின் அட்டவணையில் ஏற்றிய நிரலில் நேர்ந்த பிழை என்று இன்டெல் விளக்கம் தந்தது. 2024-இல், பழைய சிப்புகளைத் திறந்து நுண்ணோக்கியில் ஆராயும் பொறியாளர் ஒருவர், உண்மையில் 16 கட்டங்கள் விடுபட்டிருந்தன, அவற்றில் ஐந்துதான் தீங்கு செய்யும் இடத்தில் இருந்தன, எல்லைக்கோட்டைக் கணித்ததிலேயே பிழை இருந்திருக்க வேண்டும் என்று காட்டினார்.

விடுபட்ட கட்டத்தில் கணக்கு எப்போது காலை வைக்கும்? வகுக்கும் எண்ணை இரும முறையில் எழுதினால், குறிப்பிட்ட ஐந்து தொடக்கங்களில் ஒன்று வந்து, அதன் பின் குறைந்தது ஆறு ஒன்றுகள் தொடர்ச்சியாக வர வேண்டும். இதைப் பத்தடிமானத்தில் சொன்னால் இன்னும் தெளிவு: 3, 9, 15, 21, 27 ஆகியவற்றுக்கோ, அவற்றை இரட்டித்துக்கொண்டே போனால் வரும் எண்களுக்கோ ஒரு நூலிழை குறைவான எண்களே ஆபத்தானவை. நைஸ்லிக்கு அகப்பட்ட 824633702441 எப்படிப்பட்டது தெரியுமா? 3-ஐ 38 முறை இரட்டித்தால் 824633720832. அதற்குச் சற்றே கீழே இருக்கிறது அந்தப் பகா எண். டிம் கோ என்ற பொறியாளர், வெளிவந்த சில தவறான விடைகளை மட்டும் வைத்துக்கொண்டு சிப்புக்குள் என்ன நடக்கிறது என்று ஊகித்து, இன்னும் மோசமான உதாரணம் ஒன்றைக் கண்டுபிடித்தார்: 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.333820449 வர வேண்டும், பென்டியம் 1.333739068 என்றது. ஐந்தாவது இலக்கத்திலேயே தவறு. 3145727 என்பது 3-ஐ 20 முறை இரட்டித்து 1 குறைத்த எண்.

இனி, கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் இருந்த இன்டெல் தலைமையகத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் சிப்பைவிட முக்கியமானது இதுதான்.

நைஸ்லி கண்டுபிடிப்பதற்கு முன்பே, 1994-இன் நடுப்பகுதியில், இன்டெலின் சொந்தச் சோதனையாளர்கள் இந்தப் பிழையைக் கண்டுவிட்டார்கள். உள்ளே கணக்குப் போட்டார்கள். எந்த எண்ணும் வரலாம் என்று வைத்துக்கொண்டால் 900 கோடி வகுத்தலுக்கு ஒருமுறை தவறும். ஸ்ப்ரெட்ஷீட் பயன்படுத்தும் சாதாரண மனிதர் ஒருவர் 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைச் சந்திப்பார். ஆகவே அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம், அதுவரை விற்பனை தொடரட்டும், வெளியே அறிவிக்கத் தேவையில்லை என்று முடிவாயிற்று. யாரும் பணம் கையாடவில்லை, பொய்க்கணக்கு எழுதவில்லை. சிப் தொழிலில் சிறு பிழைகள் சகஜம், அவற்றை இப்படித்தான் கையாள்வார்கள். திறமையான பொறியாளர்கள் தங்களுக்குப் பழகிய முறையில் நேர்மையாக எடுத்த முடிவு. அதனாலேயே இதை நாம் உன்னிப்பாகப் படிக்க வேண்டும் என்கிறேன். கெட்ட எண்ணத்தோடு செய்ததைக் கண்டுபிடித்துத் தண்டிக்கலாம். நல்ல எண்ணத்தோடு செய்த தவறு எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்.

முதலில், எந்த எண்ணும் சம வாய்ப்போடு வரும் என்ற அனுமானம். மனிதர்கள் போடும் கணக்கில் எண்கள் அப்படி வருவதில்லை. விலை, எடை, வட்டி என்று முழு எண்களும் ஓரிரு தசம இலக்கங்களுமே அதிகம். 0.1 போன்ற தசமங்களை இரும முறையில் மிச்சமின்றி எழுத முடியாது என்பதால், கூட்டிக் கழித்த பிறகு 15 வர வேண்டிய இடத்தில் 14.9999999… என்று வந்து நிற்பது கணினியில் அன்றாட நிகழ்ச்சி. அதாவது, ஆபத்தான அதே 'நூலிழை குறைவு' எண்கள் சாதாரணக் கணக்குகளில்தான் கூடுதலாக உருவாகின்றன. டிசம்பர் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் ஆய்வை வெளியிட்டு, ஒரு பயனருக்கு 24 நாளுக்கு ஒருமுறைகூடத் தவறு நேரலாம் என்று கூறி, பென்டியம் கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. ஐ.பி.எம். அப்போது பென்டியத்துக்குப் போட்டியான பவர்பிசி சிப்பின் பங்காளி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 27,000 ஆண்டு, 24 நாள் இரண்டுமே ஊகங்களின் மேல் நிற்கும் எண்கள்தாம். ஆனால் அந்த ஊகங்களை எவரும் பார்க்கும்படி இன்டெல் ஜூன் மாதமே வெளியே வைத்திருந்தால், நைஸ்லிக்கு நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது, எண்ணிக்கையில் அகப்படாத ஒன்று. கணினி உறைந்து நின்றால் நமக்குத் தெரியும், அணைத்துவிட்டு மீண்டும் தொடங்குவோம். இந்தப் பிழை சத்தமே போடாது. விடை தவறு என்பதற்கு எந்த அறிகுறியும் திரையில் இல்லை. அப்படிப்பட்ட பிழையில் 'எத்தனை முறை வரும்' என்பது பாதிக் கேள்விதான். என் எந்த விடையை நான் நம்பலாம் என்பது மறுபாதி. அதற்குப் பதில் சொல்லத் தேவையான தகவல் முழுவதும் இன்டெலிடம் இருந்தது, பயனரிடம் இல்லை. ஆபத்தைச் சுமப்பவர் ஒருவர், அது சிறியதா பெரியதா என்று முடிவு செய்பவர் வேறொருவர்.

செய்தி பரவிய பின் இன்டெல் எடுத்த நிலைதான் மக்களைக் கொதிக்க வைத்தது. சிப்பை மாற்றித் தருகிறோம், ஆனால் எல்லோருக்கும் அல்ல. துல்லியமான கணக்குகள் போடுபவர் என்று நீங்கள் எங்களுக்கு விளக்க வேண்டும் என்றது. காசு கொடுத்து வாங்கியவர் தொலைபேசியில் தன் தொழிலைச் சொல்லித் தகுதியை நிரூபிக்க வேண்டிய நிலை. காய்கறிக் கடையில் தராசு தவறு என்று தெரிந்த பிறகு, "நீங்கள் தங்கமா நிறுக்கப் போகிறீர்கள்?" என்று கடைக்காரர் கேட்பதைப் போல.

இன்டெலின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஆண்டி குரோவ் சாமானியர் அல்ல. ஹங்கேரியில் பிறந்து, அகதியாக அமெரிக்கா வந்து, வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, நிறுவனத்தின் தொடக்க நாள் முதல் அதில் இருந்தவர். தரவைக் கேட்காமல் எதையும் ஏற்காதவர் என்று பெயர் எடுத்தவர். அவருக்கே இது புரியச் சில வாரங்கள் பிடித்தது ஏன்? அதுவரை இன்டெலின் வாடிக்கையாளர்கள் கணினி தயாரிக்கும் நிறுவனங்கள்; பிழை என்றால் இரு பக்கப் பொறியாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். ஆனால் 1991-இல் 'இன்டெல் இன்சைட்' விளம்பரத்தைத் தொடங்கி, ஒவ்வொரு கணினியின் நெற்றியிலும் தன் பெயரை ஒட்டி, வீட்டில் இருப்பவரிடம் 'என்னை நம்பி வாங்கு' என்று சொன்னதும் இதே இன்டெல்தான். விளம்பரத் துறை அந்த உறவுக்குள் எப்போதோ போய்விட்டது. பிழையைக் கையாளும் முறையோ பழைய உறவிலேயே நின்றுவிட்டது. பெரிய நிறுவனங்களில் ஒரு கை செய்யும் வாக்குறுதி மறு கைக்குத் தெரியாமல் போவது இப்படித்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரே இடம் உச்சியில் இருக்கும் நாற்காலி.

டிசம்பர் 20 அன்று இன்டெல் வருத்தம் தெரிவித்து, கேட்பவர் எவருக்கும் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவதாக அறிவித்தது. ஜனவரியில் அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். பின்னர், தன் சிப்புகளில் தெரியவரும் பிழைகளைப் பட்டியலிட்டு எல்லோரும் படிக்கும்படி வெளியிடத் தொடங்கியது. அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

பொறியியலிலும் ஒரு கதவு திறந்தது. இத்தகைய பிழையைச் சோதித்துப் பிடிப்பது ஏன் கடினம் என்றால், 'இரட்டைத் துல்லியம்' எனப்படும் நுண்கணக்கு வடிவில், வகுபடும் எண், வகுக்கும் எண் இரண்டின் இலக்கங்களும் சேர்ந்து அமையக்கூடிய ஜோடிகள் மட்டுமே 2-இன் 104-ஆம் அடுக்கு. நொடிக்கு நூறு கோடி வகுத்தல் செய்து பார்த்தாலும் முடிக்க ஆறு கோடி கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே போட்டுப் பார்ப்பதை விட்டு நிரூபிக்கும் வழிக்கு வந்தார்கள். 'ஒவ்வொரு படியிலும் மீதி இந்த எல்லைக்குள் இருந்தால், அட்டவணை தரும் இலக்கத்தைக் கழித்த பின்னும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கும்' என்று கணிதத் தேற்றம் போல எழுதி, அதைக் கணினியைக் கொண்டே சரிபார்ப்பது. இந்த நிரூபணத்தில் எல்லாக் கட்டத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்; காலிக் கட்டம் ஒன்று எட்டக்கூடிய இடத்தில் இருந்தால் தேற்றம் அங்கேயே முறியும். போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. தன் கே5 செயலியின் வகுத்தலை இப்படி நிரூபித்துக்கொண்டது. இன்டெலும் இதற்கென நிபுணர்களை வேலைக்கு எடுத்தது. திருத்திய பென்டியத்தில் அது செய்தது இன்னும் எளிமை: எட்டவே முடியாது என்று காலியாக விட்டிருந்த கட்டங்களிலும் 2 என்று எழுதி நிரப்பிவிட்டது. விளிம்பே இல்லாமல் போனது, மின்சுற்றும் எளிதானது.

கேட்பவர் எவருக்கும் மாற்றித் தருகிறோம் என்று அறிவித்த பிறகு, வீட்டில் கணினி வைத்திருந்தவர்களில் மிகப் பலர் கேட்கவே இல்லை. பழைய சிப்பிலேயே கடிதம் அடித்தார்கள், விளையாடினார்கள். திரும்பி வந்த சிப்புகளில் சிலவற்றைச் சாவிக்கொத்தில் கோத்து, இன்டெல் தன் ஊழியர்களுக்கே கொடுத்தது.