ஆர்க்கைவல் ஃபுட்டேஜுக்குத் தமிழ் என்ன?

சென்ற வாரம் இரண்டாம் உலகப்போரைப் பற்றித் தமிழில் குரல் கொடுத்த ஒரு தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடிபாடுகளுக்கு நடுவே ஒரு தோட்டம். காலரைத் தூக்கிவிட்ட கனத்த கோட்டில் ஹிட்லர். வரிசையாக நிற்கும் சிறுவர்களில் ஒருவனின் கன்னத்தைத் தட்டிக்கொடுக்கிறார். திரையின் கீழே எழுத்து ஓடியது: ‘ஹிட்லரின் கடைசிப் பிறந்தநாள் – ஆவணக் காணொளி.’

ஹிட்லரின் பிறந்தநாள் ஏப்ரல் 20. இந்தக் காட்சி எடுக்கப்பட்டது 1945 மார்ச் 20. அந்த மாதமே வெளியான கடைசி ஜெர்மன் வாரச் செய்திப்படத்தில் இது வந்துவிட்டது. ஒரு மாதம் தள்ளிப்போன தேதியின் மேல் ‘ஆவணம்’ என்ற முத்திரை. ஆர்க்கைவல் ஃபுட்டேஜ், அதாவது காப்பகத்தில் இருக்கும் பழைய படப்பதிவு, என்பதற்குத் தமிழாக இந்த ‘ஆவணக் காணொளி’யை நான் பார்ப்பது இது முதல் தடவை அல்ல. ஜெர்மன் போர்க்காலப் படம் எது வந்தாலும் இதே சொல்தான்.

ஃபுட்டேஜ் என்பதன் வேர் எளிது. ஃபுட் என்றால் அடி. அடிக்கணக்கில் அளந்த ஃபிலிம்தான் ஃபுட்டேஜ். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள். நொடிக்கு 24 சட்டம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. நம் சினிமாக்காரர்களும் படத்தை அடியில்தான் சொல்லி வந்தார்கள். அதே போர்க்காலத்தில் கச்சா ஃபிலிம் தட்டுப்பாடு வந்தபோது, இந்தியாவில் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு கட்டுப்பாடே போட்டது. ஆர்க்கைவ் கிரேக்கச் சொல். ஆட்சியதிகாரியின் அலுவலகத்தைக் குறித்து, பிறகு அங்கே வைக்கும் ஏடுகளைக் குறித்தது. ஜெர்மானியர்கள் ‘ஆர்ஷிஃப்-அவுஃப்னாமன்’ என்கிறார்கள், அதாவது காப்பகத்தில் உள்ள ‘எடுப்புகள்’. நாமும் படத்தை எடுக்கத்தானே செய்கிறோம்?

இனி என் சண்டைக்கு வருகிறேன். முதலில் காணொளி. வீடியோவுக்கு அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும். 1942இல் ரஷ்ய முனையில் ஒருவர் எடுத்தது வீடியோ ஆகாது. வீடியோ நாடாப் பதிவே 1956இல்தான் சந்தைக்கு வந்தது. அந்தப் படப்பிடிப்பாளர் கையில் இருந்தது பெரும்பாலும் ஓர் ஆரிஃபிளெக்ஸ் கேமரா. அதன் பெட்டியில் 200 அடி ஃபிலிம் கொள்ளும். இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். தீர்ந்தால் பெட்டியை மாற்ற வேண்டும். படங்கள் ஏன் துண்டுதுண்டாக இருக்கின்றன, ஏன் ஒரு காட்சி பாதியில் நிற்கிறது என்பதற்கெல்லாம் விடை இந்த அடிக்கணக்கில் இருக்கிறது. காணொளி என்றதும் அந்த விடை மறைந்துபோகிறது.

அதைவிடப் பெரிய கேடு ‘ஆவணம்’. தமிழில் அது சும்மா ஒரு சொல் அல்ல. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தன் அடிமை என்று முதியவர் வழக்காடியது ஆவண ஓலையை வைத்துத்தான். சுந்தரர் கிழித்தது படியோலை. வெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையை நீட்டி, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வழக்கு தீர்ந்தது. ஆவணம் என்றால் சான்று, அவை ஏற்ற சான்று. அந்த மதிப்பை ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸின் அமைச்சகம் வெட்டி ஒட்டிய படத்துக்குத் தூக்கிக் கொடுக்கலாமா?

1940 ஜூனில் அதுவரை தனித்தனியாக வந்த செய்திப்படங்களை ஒன்றாக்கி ‘டாய்ச்சே வோகன்ஷாவ்’ என்று ஒரே வாரப்படமாக வெளியிட்டார்கள். அதற்குப் படம் எடுத்தவர்கள் பிரசாரப் படைப்பிரிவுகளைச் சேர்ந்த, சீருடை அணிந்த சிப்பாய்கள். சுருள்கள் பெர்லினுக்குப் போகும். எது வரலாம், எது வரக்கூடாது என்று அங்கே தீர்மானிப்பார்கள். பெரும்பகுதி ஒலியில்லாமல் எடுத்தது. நாம் கேட்கும் பீரங்கி முழக்கம் பிறகு சேர்த்தது. போலந்தின் வார்சாவில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ பகுதியில் 1942 மே மாதம் ஜெர்மன் படக்குழு யூதர்களை மிரட்டி நடிக்கவைத்தே காட்சிகளை எடுத்தது. அந்தச் சுருள்களும் காப்பகத்தில்தான் இருக்கின்றன. அவற்றை ‘ஆவணக் காணொளி’ என்றால், பார்க்கும் பிள்ளை என்ன நினைக்கும்?

சிப்பாய்கள் தங்கள் சொந்த 8 மி.மீ. கேமராவில் எடுத்தவையும் ஏராளம். ஆற்றில் குளிக்கிறார்கள், உருளைக்கிழங்கு உரிக்கிறார்கள், அக்கார்டியன் வாசிக்கிறார்கள். வீட்டுக்குக் காட்ட எடுத்தது, யாரும் தொகுக்காதது. இதையும் சிலர் ‘ஆவணப்படம்’ என்கிறார்கள். ஆவணப்படம் ஒருவர் கருதித் தொகுத்த முழுப்படம். ஃபுட்டேஜ் அதற்கு முந்தைய மூலப்பொருள். மாவையும் தோசையையும் ஒரே பெயரால் அழைப்பார்களா?

நான் சொல்வது ‘காப்பகப் படச்சுருள்’. காப்பகம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்கிறது, உண்மை என்று சத்தியம் செய்வதில்லை. படச்சுருள் எதில் எடுத்தது என்பதைச் சொல்கிறது. காப்பகம் என்றால் முதியோர் காப்பகம் நினைவுக்கு வராதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பக்கத்தில் படச்சுருள் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. அரை நிமிடத் துண்டையும் சுருள் என்பதா என்றார். வெற்றிலைச் சுருள் எவ்வளவு பெரியது? வேண்டுமானால் ‘படத்துண்டு’ என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று செல்பேசியில் எடுப்பதற்குக் ‘காட்சிப்பதிவு’ போதும்.

தமிழில் பெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் திரையைப் பார்க்க வேண்டும். யார் எடுத்தது, எப்போது, எதற்காக என்று கேட்டால் சொல் தானாக வரும். அந்தத் தோட்டக் காட்சிக்கு இப்படி எழுதியிருந்தால் போதும்: ‘பெர்லின், 1945 மார்ச் 20. அரசுச் செய்திப்படத்துக்காக எடுத்த படச்சுருள்.’