உயிலுக்கும் ஓர் ஆயுள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மரத்தொழிலில் பெரும்பணம் சேர்த்த வெலிங்டன் பர்ட், 1919-இல் இறந்தார். தன் சொத்தின் பெரும்பகுதியை உடனே யாருக்கும் தரக் கூடாது, தன் காலத்திலேயே பிறந்துவிட்ட பேரப்பிள்ளைகளில் கடைசி ஆள் இறந்து 21 ஆண்டுகள் கழித்துத்தான் பிரிக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். அந்தக் கடைசிப் பேத்தி இறந்தது 1989-இல். 2011-இல்தான் பன்னிரண்டு வாரிசுகள் பத்து கோடி டாலருக்கும் மேற்பட்ட சொத்தைப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு என்று நேராக எழுதாமல் ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்? அப்படி நீட்டிக்கச் சட்டம் இடம் தராது. சொத்தை என்றென்றைக்கும் கட்டிப்போடக் கூடாது என்று இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. உயில் நடைமுறைக்கு வரும் நாளில் உயிரோடிருக்கும் யாராவது ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவர் இறந்து 21 ஆண்டுகளுக்குள் சொத்து யாருக்கு, அல்லது யாருக்கும் இல்லையா என்பது உறுதியாகிவிட வேண்டும். அந்தக் கெடு தாண்டிப் போக இம்மியளவு வாய்ப்பு இருந்தாலும் அந்த ஏற்பாடு முதல் நாளிலிருந்தே செல்லாது. பர்ட் அந்த வரம்பின் கடைசிக் கோடு வரை போய் நின்றிருக்கிறார்.

விதி பிறந்தது நிலப்பிரபுக்களின் வீட்டில். பண்ணையும் மாளிகையும் மூத்த மகன் வழியாகவே தலைமுறை தலைமுறையாகப் போக வேண்டும், நடுவில் எந்த ஊதாரியும் விற்றுவிடக் கூடாது என்பது அவர்கள் ஆசை. 1682-இல் நார்ஃபோக் டியூக் குடும்ப வழக்கு, நீதிபதியாக இருந்த நாட்டிங்ஹாம் பிரபுவிடம் வந்தது. மூத்த மகன் மனநலம் குன்றியவர். அவர் வாரிசில்லாமல் இறந்தால் யாருக்கு எது போகும் என்று தகப்பன் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார். உயிரோடிருக்கும் ஒருவரின் ஆயுளுக்குள் முடிகிற ஏற்பாடு என்பதால் அது செல்லும் என்றார் நாட்டிங்ஹாம். 'அப்படியானால் எங்கேதான் நிறுத்துவீர்கள்?' என்ற கேள்விக்கு, கண்ணுக்குத் தெரிகிற இடைஞ்சல் எங்கே வருகிறதோ அங்கே என்று பதில் சொன்னார். 21 ஆண்டு என்ற கணக்கு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அன்றைய சட்டப்படி மைனர் பருவம் முடிகிற வயது அது. சொத்துக்காரர் நினைப்பது இதுதான்: என் பிள்ளை எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். பேரன் எப்படி வருவான் என்று தெரியாது. அவன் மேஜராகும் வரை காத்துக் கொடுக்கிறேன் என்பது நியாயமான கவலைதானே?

இதுவரை சரி. சிக்கல் எங்கே என்றால், உண்மையில் என்ன நடக்கிறது என்பதை இந்த விதி பார்ப்பதில்லை. என்னவெல்லாம் நடக்கக்கூடும் என்று மட்டுமே பார்க்கிறது. 1787-இல் தீர்ப்பான ஜீ எதிர் ஆட்லி வழக்கைப் பாருங்கள். எட்வர்ட் ஆட்லி என்பவர் 1,000 பவுண்டை மேரி ஹால் என்ற உறவுப் பெண்ணுக்கும் அவள் வம்சத்துக்கும் எழுதிவைத்தார். அந்த வம்சம் அற்றுப்போனால், ஜான் ஜீ, எலிசபெத் ஜீ தம்பதியின் பெண்களில் அப்போது உயிரோடு இருப்பவர்களுக்குப் பணம் போக வேண்டும். தம்பதிக்கு நான்கு பெண்கள். அவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒரு பிரச்சினையும் இல்லை: பணம் கைக்கு வருவதாக இருந்தால் அவர்கள் ஆயுளுக்குள்தான் வந்தாக வேண்டும்.

ஆனால் ஐந்தாவதாக ஒரு பெண் பிறந்தால்? அவள் உயில் நாளில் உயிரோடு இல்லாதவள். அவள் ஆயுளைக் கெடுவுக்குக் கணக்கில் எடுக்க முடியாது. அன்று உயிரோடிருந்த அத்தனை பேரும் இறந்து 21 ஆண்டு ஓடிய பிறகு மேரியின் வம்சம் அற்றுப்போய், அப்போது அந்தக் கடைக்குட்டி மட்டும் உயிரோடு இருந்தால் சொத்து கெடு தாண்டிப் போய்ச் சேரும். ஜீ தம்பதிக்கு வயது எழுபதை ஒட்டி! அதனால் என்ன, பிள்ளை பிறக்காது என்று சட்டம் ஒப்புக்கொள்ளாது என்றார் நீதிபதி கெனியன். பெண்கள் எல்லாரையும் ஒரே கூட்டமாகக் குறிப்பிட்ட உயில் ஆகையால், பிறக்காத அந்த ஒருத்தியால் ஏற்கெனவே இருந்த நால்வரின் பங்கும் போயிற்று. எனக்கு இது நீதியாகப் படவில்லை. தர்க்கத்தில் மட்டும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

வக்கீல்களே தடுமாறும் இடம் இது. 1961-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், இந்த விதியில் தவறிய ஒரு வக்கீலைக் கவனக்குறைவு செய்தவர் என்று சொல்ல முடியாது என்றது. சாதாரணத் திறமை உள்ள வக்கீலும் சறுக்கக்கூடிய சிக்கல் என்பது காரணம்.

கெட்டிக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். ஆயுள்தான் அளவுகோல் என்றால், அந்த ஆயுள் சொத்தோடு தொடர்புள்ள ஆளுடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையே! உடனே அரச குடும்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள்; பெரிய குடும்பம், யார் பிறந்தார் யார் இறந்தார் என்பதற்குப் பதிவும் உண்டு. 1926-இல் இறந்த ஒருவர், அன்று உயிரோடிருந்த விக்டோரியா மகாராணியின் சந்ததியில் கடைசி ஆள் இறந்து 20 ஆண்டு வரை என்று உயிலில் கெடு வைத்திருந்தார். ஏறத்தாழ 120 பேர், ஐரோப்பா முழுவதும் சிதறிக் கிடந்தார்கள். கண்டுபிடிப்பது கடினம், ஆனால் முடியாததல்ல என்று 1929-இல் நீதிமன்றம் அதையும் ஏற்றது. 2023-இல் ஃபுளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் செய்த நில ஒப்பந்தம் ஒன்றிலும் மூன்றாம் சார்லஸ் மன்னரின் சந்ததி இப்படியே இடம்பெற்றது.

இங்கிலாந்து 2009-இல் சட்டம் இயற்றி, புதிய ஏற்பாடுகளுக்கு 125 ஆண்டு என்று ஒரே எண்ணை வைத்துவிட்டது. தெற்கு டகோட்டா 1983-இலேயே விதியை எடுத்தெறிந்தது. பணக்காரக் குடும்பங்கள் தங்கள் டிரஸ்ட்டுகளை அங்கே தேடிப்போவது அதனால்தான்.

நம் நாட்டில் விதி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர், கிறிஸ்தவராக மாறிய மகனை ஒதுக்கிவிட்டு, இங்கிலாந்துப் பிரபுக்களைப் போல ஆண் வழிக்கே சொத்தைக் கட்டி உயில் எழுதினார். இந்து சட்டத்தில் அப்படியொரு உரிமையே கிடையாது, பிறக்காதவருக்குக் கொடுக்கவும் முடியாது என்று அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872-இல் சொல்லிவிட்டது. பிறக்காதவருக்குக் கொடுக்கலாம் என்று சென்னை மாகாணம் 1914-இல் தனிச்சட்டம் போட்டது. 1916-இல் மத்தியச் சட்டமும் வந்தது. ஆனால் கூடவே வரம்பும் வந்தது. 1882-இன் சொத்து மாற்றச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி, உயிரோடிருப்பவரின் ஆயுள் முடியும்போது வாரிசு இருந்தாக வேண்டும். அவர் மேஜராகும் வரைதான் தள்ளிப்போடலாம். 13-ஆம் பிரிவு இன்னும் கறார்: 'மகன் ஆயுள் வரை, பிறகு பிறக்கப்போகும் பேரன் ஆயுள் வரை, அப்புறம் கொள்ளுப்பேரனுக்கு' என்று பத்திரம் எழுதினால் மகனோடு நின்றுவிடும். பிறக்காத பேரனுக்குக் கொடுப்பதென்றால் முழுசாகக் கொடுக்க வேண்டும்.