சார்ஜ் இறங்கிய பற்றரியும் உத்தரவாத அட்டையும்

வாங்கி ஓராண்டுகூட ஆகாத கார் பற்றரி ஒரு காலையில் எஞ்சினைச் சுழற்ற மறுத்தால், உத்தரவாத அட்டையோடு திருகோணமலை நகரிலுள்ள கடைக்குப் போவதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. கடைக்காரர் அதற்குச் சார்ஜ் ஏற்றிச் சோதித்துவிட்டு, பற்றரியில் பிழையில்லை என்று திருப்பித் தரும்போது, ஏமாற்றப்பட்டதாகவே தோன்றும். ஆனால், உத்தரவாதம் பொதுவாக உற்பத்திக் குறைபாட்டுக்கே உரியது. சார்ஜ் இறங்கிக் கிடப்பது அதில் சேராது.

1859இல் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய–அமிலக் கலத்தின் வேதியியல்தான் இன்றைய கார் பற்றரியிலும் இயங்குகிறது. ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும் ஆறு கலங்கள் அதில் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. மின்சாரத்தை எடுக்க எடுக்க இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேற்று படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது இவை மீள்கின்றன. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவைத்தால், அந்தப் படிகங்கள் பெருத்து இறுகி, பிறகு எளிதில் கரைவதில்லை. வெறும் சார்ஜ் குறைவு உண்மையான பழுதாக மாறுவது இப்படித்தான். இந்தப் பழுதை உத்தரவாத அட்டைகள் பெரும்பாலும் பாவனைத் தவறென்றே கணிக்கின்றன.

ஆகவே கடைக்குப் போகுமுன் பற்றரியின் மின்னழுத்தத்தை ஒரு மல்டிமீற்றரால் அளந்து பார்ப்பது நல்லது. சில மணிநேரம் ஓய்ந்திருந்த பற்றரியில் 12.6 வோல்ற் இருந்தால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறத்தாழ அரைவாசி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டாமல் பன்னிரண்டிலேயே நின்றால், எஞ்சினால் சுழன்று பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஓல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோதான் சந்தேகிக்க வேண்டும். (எரிபொருளை மிச்சப்படுத்த ஓல்டர்னேட்டரை அவ்வப்போது தளர்த்திவிடும் சில ஜப்பானிய கார்களில் இந்த அளவு குறைந்து தெரிவது இயல்பே.) முழுமையாகச் சார்ஜ் ஏற்றிய பின்னும் 10.5 வோல்ற்றைச் சுற்றியே நின்றால், ஒரு கலம் செத்துவிட்டது என்று கொள்ளலாம். உத்தரவாதம் கோருவதற்கு வலுவான சான்று இதுவே.

திருகோணமலையின் வெக்கை தகடுகளின் அரிப்பை விரைவுபடுத்துகிறது. கடற்காற்றின் உப்பு, வயர்கள் பூட்டும் பற்றரி முனைகளில் அரிப்பை உண்டாக்கி, ஓல்டர்னேட்டர் தரும் மின்னோட்டத்தைத் தடுக்கிறது. அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் துடைத்தாலே இது தீரும், கரைசல் கலங்களுக்குள் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். உப்புவெளியிலிருந்து சந்தைக்கு ஏசி போட்டுக்கொண்டு போய்வரும் சிறு ஓட்டத்தில், ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ் முழுதாகத் திரும்புவதும் அரிது. காரை நிறுத்திவிட்டு வெளிநாடு போகிறவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம்: அலாரமும் மணிக்கூடும் 30 மில்லிஅம்பியர் இழுத்தாலே, 45 அம்பியர்-மணி பற்றரியில் ஒரு மாதத்தில் ஏறத்தாழ பாதி போய்விடும்.

பற்றுச்சீட்டையும், வாங்கிய திகதி பதிந்த அட்டையையும் பத்திரப்படுத்துவதோடு, மாற்றித் தரும் பற்றரிக்கு உத்தரவாதம் பழைய திகதியிலிருந்து ஓடுமா, புதிதாகத் தொடங்குமா என்பதையும் வாங்கும்போதே கேட்டு, அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.