‘குரூயல்டி ஃப்ரீ’: தமிழில் எப்படிச் சொல்வது?

ஷாம்பூ பாட்டிலிலும் லிப்ஸ்டிக் அட்டையிலும் ஒரு முயல் படம், பக்கத்தில் ‘குரூயல்டி ஃப்ரீ’ என்ற சொல். விலங்குகள்மீது சோதித்துப் பார்க்காத பொருள் என்பது அதன் கருத்து.

அது ஏன் முயல்? 1944-இல் அமெரிக்காவில் ஜான் டிரெய்ஸ் வெளியிட்ட கண் சோதனைதான் முக்கியக் காரணம். வெள்ளை முயலைத் தலை மட்டும் வெளியே தெரியும்படி பெட்டியில் அடைப்பார்கள். கீழ் இமையை இழுத்து, சோதிக்க வேண்டிய பொருளை ஒரு கண்ணில் 0.1 மில்லிலிட்டர் விடுவார்கள். மறு கண் ஒப்பிட்டுப் பார்க்க. பிறகு 24, 48, 72 மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு, கருவிழி எவ்வளவு மங்கியிருக்கிறது என்று மதிப்பெண் போடுவார்கள். 1980-இல் விலங்குரிமைப் போராளி ஹென்றி ஸ்பைரா இதை எதிர்த்து நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்ததும் விஷயம் வீதிக்கு வந்தது. மருந்துச் சோதனை என்றால் தயங்கி யோசிக்கிற பலர்கூட, மஸ்காராவுக்காக ஓர் உயிரின் கண் போவதை ஏற்பதில்லை. நானும் ஏற்கமாட்டேன். இப்படிச் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் முழுத் தடை போட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். குரூயல்டியின் வேர் லத்தீனின் ‘குரூடுஸ்’. பச்சையான, ரத்தம் வடிகிற என்று பொருள். தமிழில் ‘கொடுமை’யின் வேர் ‘கொடு’, அதாவது வளைந்தது. கொடுவாள், வில்லைக் குறிக்கும் கொடுமரம், கொடுங்கோல் எல்லாம் இதே குடும்பம். அங்கே கண்ணில் பட்டது ரத்தம். இங்கே முறை கோணியது. எனக்கு நம் சொல்லின் பார்வை ஆழமாகப் படுகிறது.

ஆனாலும் ‘கொடுமையற்ற சோப்பு’ என்றால் சோப்பு நல்ல குணமுடையது என்பதுபோல் ஒலிக்கிறது. ‘வதையிலா’ என்கிறார்கள் சிலர். வதை வடமொழியில் கொலையைக் குறிக்கும் ‘வத’விலிருந்து வந்தது, இங்கே பேச்சு சோதனையைப் பற்றி. ‘விலங்குச் சோதனையற்ற’ என்பதே என் தேர்வு. எதை மறுக்கிறோம் என்பது அதில் நேராகத் தெரிகிறது.

‘வீகன்’ வேறு: விலங்கிலிருந்து பெற்ற எதுவும் சேராத பொருள் அது. தேன்மெழுகு சேர்த்த லிப் பாம் விலங்குச் சோதனையற்றதாக இருக்கலாம், வீகன் ஆகாது.

இன்னொன்று: அமெரிக்காவில் ‘குரூயல்டி ஃப்ரீ’ என்பதற்குச் சட்ட வரையறையே இல்லை. முடிந்த பொருளைச் சோதிக்காமல், அதன் மூலப்பொருளைச் சோதித்துவிட்டும் இதை அச்சடிக்க முடியும். அதனால் தமிழில் எழுதும்போது ‘பொருளிலும் மூலப்பொருளிலும் விலங்குச் சோதனையற்றது’ என்று முழுசாகவே எழுதுங்கள்.