டிரெய்லர் ஜாக்கியும் டிரில்லும்: எங்கே நிறுத்துவது?

வண்டிக்குப் பின்னால் இழுத்துச் சென்று உள்ளே தங்கும் டிராவல் டிரெய்லர்களைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு, அவற்றின் மூலைகளில் முட்டுக்கொடுக்கும் ஸ்டெபிலைசர் ஜாக்கிகள் தேய்ந்து வருவது குறைவு. கெடுக்கப்பட்டு வருவதே அதிகம். கரம் வளைந்திருக்கும், திருகின் மரை உரிந்திருக்கும், அறுகோண நட்டின் முனைகள் மழுங்கி உருண்டையாகியிருக்கும். எதைக் கொண்டு சுழற்றுகிறீர்கள் என்று உரிமையாளரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: தட்டித் தட்டித் திருகும் மின்கருவியான இம்பாக்ட் டிரைவர்.

மின்கருவியே கூடாது என்று சொல்லும் கட்சிக்காரன் அல்ல நான். நான்கு மூலைகளிலும் மண்டியிட்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஜாக்கியை இறக்குவது முதுகுக்கும் தோளுக்கும் தண்டனை. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு பேட்டரி டிரில் உண்மையிலேயே பெரிய உதவி. அந்தக் கருவி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இந்த ஜாக்கிகள் டிரெய்லரைத் தூக்குவதற்காக வைக்கப்பட்டவை அல்ல. உள்ளே நடக்கும்போது ஏற்படும் ஆட்டத்தைக் குறைக்க மூலைகளில் முட்டுக்கொடுப்பவை. எடையைச் சுமக்க வேண்டியவை சக்கரங்களும், இணைப்புக் கொக்கியை ஒட்டியிருக்கும் முன் ஜாக்கியும்தான். ஆகவே வேலையின் வரிசை முக்கியம். பக்கவாட்டு மட்டத்தைத் தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பலகை கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, இழுத்துவந்த வண்டியிலிருந்து கழற்ற வேண்டும். முன்பின் மட்டத்தை முன் ஜாக்கியால் சரிசெய்ய வேண்டும். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்ற பிறகே ஸ்டெபிலைசருக்கு வேலை.

கையில் மின்கருவி இருக்கும்போது இந்த வரிசை எளிதாகத் தலைகீழாகிவிடுகிறது. ஒரு மூலை கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது, விசையை இன்னும் இரண்டு நொடி அழுத்தினால் ஏறிவிடும் என்று தோன்றும். ஏறத்தான் செய்யும். கத்தரிபோல் விரிந்து மடியும் கரங்கள் கொண்ட கத்தரி ஜாக்கிகள் பலவற்றில் 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ என்று ஒட்டியிருப்பது அந்த ஆசைக்குத் தூபம் போடுகிறது. அந்த எண் ஜாக்கியின் தாங்குதிறனை மட்டுமே சொல்கிறது. ஒரே மூலையில் அத்தனை விசையைக் கொடுத்தால் டிரெய்லரின் சட்டம் முறுக்கிக்கொள்ளாது என்று அது எங்கும் உறுதி சொல்லவில்லை.

சட்டம் முறுக்கிக்கொண்டதை முதலில் காட்டிக்கொடுப்பது கதவு. ஜாக்கிகளை இறக்குவதற்கு முன் நன்றாகச் சாத்திய கதவு, இறக்கிய பிறகு நிலையில் உரசினாலோ தாழ்ப்பாள் பொருந்தாமல் போனாலோ, ஏதோ ஒரு மூலை அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு ஜாக்கியை முடித்ததும் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள் என்பதே என் வாடிக்கையாளர்களுக்கு நான் முதலில் சொல்வது. இதையே திரும்பத் திரும்பச் செய்துவந்தால் சுவர் மூலைகளின் ஒட்டுப்பசை விரிந்து, தண்ணீர் உள்ளே இறங்கும். ஜாக்கியை மாற்றுவது சின்னச் செலவு. ஈரத்தில் ஊறி உளுத்த சுவரை மாற்றுவது அப்படியல்ல.

கையால் சுழற்றும்போது ஏன் இந்தச் சேதம் அரிது? கைப்பிடியின் கரம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 10 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்தும்போது கிடைக்கும் முறுக்குவிசை ஏறக்குறைய 20 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் போனால் உடம்பே மறுத்துவிடும். 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவர்கள் 150, 200 நியூட்டன் மீட்டர் என்று பெருமையாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஏழு முதல் பத்து மடங்கு. அதுவும் சுத்தியலடிபோல் தட்டித் தட்டிக் கொடுக்கும் விசை என்பதால், எதிர்ப்பு கூடுவது பிடித்திருப்பவரின் மணிக்கட்டுக்குத் தெரிவதே இல்லை. ஜாக்கியின் பாதம் தரையைத் தொட்டதா, டிரெய்லரைத் தூக்கத் தொடங்கிவிட்டதா என்ற வேறுபாட்டை ஒலியின் மாற்றத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒலி மாறும்போது பெரும்பாலும் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

கத்தரி ஜாக்கியில் இன்னொரு சங்கதியும் உண்டு. அது எவ்வளவு மடிந்த நிலையில் பாரத்தை ஏற்கிறதோ, அவ்வளவுக்குத் திருகு சிரமப்படும். கரங்கள் கிடைமட்டத்துக்கு 45 பாகையில் நின்றால், திருகில் விழும் இழுவிசை மேலே உள்ள பாரத்துக்குச் சமம். 10 பாகையில் நின்றால், அதே பாரத்துக்கு இழுவிசை ஐந்தரை மடங்குக்கும் மேல். பாதத்தின் கீழ் கட்டை கொடுப்பது நல்ல வழக்கம்தான். ஜாக்கி குறைவாக நீண்டால் ஆட்டமும் குறையும். ஆனால் கட்டைமேல் கட்டை அடுக்கி, ஜாக்கி பாதிகூடத் திறக்காத நிலையில் இம்பாக்ட் டிரைவரை வைத்து அழுத்துவது, மரையை உரிப்பதற்கென்றே கண்டுபிடித்த முறை. கரங்கள் ஓரளவு நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கு மட்டும் கட்டை கொடுங்கள்.

நான் பரிந்துரைப்பது, வைத்த அளவுக்கு மேல் விசை கூடினால் நழுவிவிடும் கிளட்ச் உள்ள சாதாரண பேட்டரி டிரில். வேகத் தெரிவை 1-இல் வையுங்கள். கிளட்ச் வளையத்தைக் குறைந்த எண்ணிலிருந்து தொடங்கி, வெறும் ஜாக்கியைச் சுழற்றப் போதுமான அளவுக்கு மட்டும் கூட்டுங்கள். பாதம் தரையைத் தொட்டதும் கிளட்ச் கடகடவென்று நழுவ வேண்டும். அங்கே டிரில்லின் வேலை முடிந்தது. நான்கு பாதங்களும் தரை தொட்ட பிறகு, கைப்பிடியை எடுத்து ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்றோ ஒரு சுற்றோ கொடுங்கள். நான்கையும் முடித்துவிட்டு மறுபடி ஒரு வலம் வாருங்கள். கடைசி மூலையை இறுக்கியதில் முதல் மூலை சற்றுத் தளர்ந்திருக்கும்.

டிரில்லுக்கும் ஒரு குணக்கேடு உண்டு. கிளட்ச்சைத் துளையிடும் குறியில் விட்டுவிட்டு அழுத்தினால், ஜாக்கி இறுகும் கணத்தில் டிரில்லின் உடல் சுழன்று மணிக்கட்டைத் திருகிவிடும். கனமான டிரில் என்றால் பக்கக் கைப்பிடியைப் பொருத்திக்கொள்ளுங்கள். தொளதொளக்கும் சட்டைக்கையும் நூல் கையுறையும் சுழலும் சாக்கெட்டின் அருகே வேண்டாம்.

சாக்கெட்டைப் பொறுத்தவரை, பெரும்பாலான ஜாக்கிகளின் நட்டு 3/4 அங்குல அறுகோணம். ஆறு முக சாக்கெட்டே வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் நட்டின் முனைகளைத் தின்றுவிடும். பம்பர் இடிக்கிறது என்று சாய்வாகப் பிடித்துச் சுழற்றுவதும் அதே கேட்டைத்தான் செய்யும். நீட்டுத்தண்டு ஒன்றைச் சேர்த்து நேராகப் பிடியுங்கள். எப்போதாவது இம்பாக்ட் டிரைவர் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், அதற்கென்று செய்யப்பட்ட கறுப்பு சாக்கெட்டைப் போடுங்கள். பளபளக்கும் குரோம் சாக்கெட் வெடித்துத் தெறிக்கக்கூடும்.

இறக்கும்போது இருக்கும் கவனம் ஜாக்கியை மடக்கும்போது யாருக்கும் இருப்பதில்லை. கிளம்பும் அவசரம். முழு வேகத்தில் மேலே ஏற்றி, ஜாக்கி எல்லையில் மோதும்வரை விசையை விடாமல் இருப்பார்கள். அது அங்கே இறுகிக்கொள்ளும். அடுத்த இடத்தில் கைப்பிடியால் அசைக்க முடியாது. மறுபடி இம்பாக்ட் டிரைவர், அதோடு நட்டின் முனைகளும் போகும். கடைசி இரண்டு மூன்று சுற்றுகளைக் கையால் சுற்றி, தளர்வில்லாமல் பொருந்தியதும் நிறுத்திவிடுங்கள். பாதியில் விடுவதும் ஆபத்துதான். சாலை அதிர்வில் இறங்கித் தரையில் இடிக்கும். முன் ஜாக்கியை உயர்த்தவோ தாழ்த்தவோ தொடங்கும் முன், நான்கு ஸ்டெபிலைசர்களும் மேலே ஏறிவிட்டனவா என்று பார்த்துவிடுங்கள். வளைந்து வரும் கரங்களில் பல இந்த மறதியின் விளைவு.

டிரில் திணறுகிறது என்றால் பெரிய டிரில் வாங்காதீர்கள். திருகைச் சுத்தம் செய்யுங்கள். கம்பித் தூரிகையால் மண்ணையும் துருவையும் தேய்த்தெடுத்து, உலர் மசகைத் தெளித்தால் போதும். கிரீஸ் தடவினால் சாலைத் தூசியெல்லாம் அதில் ஒட்டி, சில மாதங்களில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மரையைத் தேய்த்துவிடும்.

உங்கள் ஜாக்கியின் கையேட்டில் மின்கருவிகளுக்குத் தடை இருந்தால், நான் மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதுவே செல்லும். மோட்டார் பொருத்திய ஜாக்கிகளில் அவசரத்துக்கென்று கொடுத்திருக்கும் சுழற்றுமுனைக்கும் இது பொருந்தும். பேட்டரி தீர்ந்துபோகும் நாளுக்காகக் கைப்பிடியை டிரெய்லரிலேயே வைத்திருங்கள். டயர் மாற்ற இந்த ஜாக்கிகளை நம்பவே நம்பாதீர்கள்; இவற்றின் முட்டில் மட்டும் நிற்கும் டிரெய்லரின் அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவது.

பழைய டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள், மெத்தையையும் சமையல் அடுப்பையும் பார்ப்பதற்கு முன் குனிந்து நான்கு ஜாக்கி நட்டுகளையும் பாருங்கள். முனைகள் மழுங்கிப் பளபளத்தாலோ கரங்கள் வில்லாக வளைந்திருந்தாலோ, விற்பவரைக் கேட்டு எல்லாக் கதவுகளையும் நீங்களே திறந்து மூடுங்கள். அந்த மூலைகளின் உட்சுவரைக் கையால் அழுத்தி ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.