ரூட்கிட் – கரவுநிரல்

கணினிக்குள் புகுந்தபின் தன் இருப்பையும் தன்னோடு வந்தவற்றின் இருப்பையும் உரிமையாளரின் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும் மென்பொருளை ரூட்கிட் என்கிறோம். வைரஸ் பரவுவதால் பெயர் பெற்றது. ட்ரோஜன் நல்லதைப் போல் வேடமிட்டு நுழைவதால் பெயர் பெற்றது. ரூட்கிட்டுக்கு உரிய தனி இயல்பு ஒளிந்திருப்பதே ஆகும்.

யூனிக்ஸ் இயங்குதளத்தில் எல்லா அதிகாரமும் உள்ள பயனர் கணக்குக்கு ரூட், அதாவது வேர், என்று பெயர். கோப்புகளின் அடைவுகள் யாவும் கிளைக்கத் தொடங்கும் இடத்தை வேர் என்று அழைத்தார்கள். அதன்மீது முழு ஆளுகை உடைய கணக்குக்கும் அதனாலேயே அந்தப் பெயர் அமைந்தது என்று கருதுகிறார்கள். கிட் என்பது டச்சு மொழியில் மரப்பாத்திரத்தைக் குறித்த ஒரு பழஞ்சொல்லின் வழிவந்தது. ஆங்கிலத்தில் போர்வீரன் சுமந்து செல்லும் மூட்டைக்கும், பின்னர் கருவிகளின் தொகுப்புக்கும் பெயராயிற்று. 1990களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் கணினிகளுக்குள் அத்துமீறி நுழைந்தவர்கள், கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் கட்டளை போன்றவற்றை எடுத்துவிட்டு, தங்களை மட்டும் காட்டாத போலிக் கட்டளைகளை அவற்றின் இடத்தில் வைத்தார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, ஒருவரும் இல்லை என்று வீடே பொய் சொல்வதற்கு ஒப்பானது இது. அந்தப் போலிக் கட்டளைகளின் தொகுப்புதான் முதன்முதலில் ரூட்கிட் எனப்பட்டது.

வல்லுநர் வட்டத்துக்குள் வழங்கிய இச்சொல் பொதுமக்களின் காதுக்கு வந்தது 2005இல். அதைக் கொண்டுவந்து சேர்த்தது ஓர் இசை நிறுவனம். அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்னும் விண்டோஸ் வல்லுநர், தம் கணினியில் ஒரு ரூட்கிட் ஒளிந்திருந்ததையும், அது சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் இசைத்தட்டிலிருந்து வந்ததையும் வெளியிட்டார். காசு கொடுத்து முறைப்படி வாங்கிய தட்டு அது. நகலெடுப்பதைத் தடுப்பதற்காக ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் என்னும் பிரித்தானிய நிறுவனம் எழுதிய எக்ஸ்சிபி என்ற மென்பொருள், இருபுறமும் டாலர் குறியிட்ட ‘சிஸ்’ என்ற எழுத்துகளில் தொடங்கும் எந்தக் கோப்பையும் கணினியின் பார்வையிலிருந்து மறைத்தது. நீக்குவதற்கு வழி தரப்படவில்லை. கையால் அழித்தால் குறுந்தட்டு இயக்கி செயலிழந்தது. யாருடைய கோப்பு என்று பாராமல் அது மறைத்ததால், பிறர் எழுதிய தீநிரல்களும் அதே எழுத்துகளைத் தம் பெயருக்கு முன்னால் இட்டுக்கொண்டு அந்த மறைவில் ஒதுங்கின. திருட்டு நகலை இறக்கியவருக்கு இந்தக் கேடு இல்லை, நேர்மையாக விலை கொடுத்தவருக்கே நேர்ந்தது என்பதுதான் மக்களை மிகவும் புண்படுத்தியது. அந்தச் சினம் முற்றிலும் நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் எண்ணிம வணிகப் பிரிவுத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸே வானொலியில் அளித்த மறுமொழி சொல் ஆராய்ச்சிக்கு நேரடியாக உரியது. ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோருக்குத் தெரியாது, பிறகு அதைப் பற்றி அவர்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்று அவர் கேட்டார். சொல் விளங்காமல் இருப்பது தம் தரப்புக்கு அரண் என்று அவர் எண்ணியிருக்கிறார். அந்த அரண் நிற்கவில்லை. இரண்டு வாரங்களுக்குள் நிறுவனம் 52 தலைப்புகளில் வெளியான தட்டுகளைத் திரும்பப் பெற முன்வந்தது. டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2007 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்துடன் உடன்பாடு ஏற்பட்டு, கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை ஈடு தர வேண்டியதாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உயர் அலுவலர் ஸ்டூவர்ட் பேக்கரும் நிறுவனங்களை எச்சரித்தார்: அறிவுச்சொத்து உங்களுடையதாக இருக்கலாம், கணினி உங்களுடையது அன்று என்பதே அவர் கூற்றின் சாரம்.

அரசுகள் எல்லா இடத்திலும் இந்த எல்லையை மதித்தன என்று சொல்வதற்கில்லை. தகவல் தொழில்நுட்ப அமைப்புகள் அந்தரங்கமும் முழுமையும் குலையாமல் இருப்பது குடிமக்களின் அடிப்படை உரிமை என்று ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2008 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருந்தது. அப்படியிருந்தும் 2011 அக்டோபரில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்னும் அமைப்பு, காவல்துறை பயன்படுத்திய உளவு மென்பொருளைப் பகுத்தாய்ந்து, அது இணையவழி உரையாடல்களை ஒட்டுக்கேட்பதோடு நில்லாமல் புதிய நிரல்களை ஏற்றி இயக்கவும் வல்லது என்று காட்டியது. ஜெர்மானியர் அதை அரச ட்ரோஜன் என்று அழைத்தார்கள். பாடல் விற்கும் நிறுவனத்தின்மீது எழுந்த அதே ஐயம் அங்கே அரசின்மீது எழுந்தது: என் கருவிக்குள் எனக்குத் தெரியாமல் இருப்பது யார், அதற்கு அனுமதி கொடுத்தது யார்?

இனி, தமிழ். வேர்க்கருவி என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், கேட்பவர் மனத்தில் கிழங்கு அகழும் கருவிதான் தோன்றும். மூலக்கருவித்தொகுதி பாடநூலுக்குப் பொருந்தலாம், பேச்சில் நில்லாது. அதைவிட, மறைத்தல் என்னும் பொருளுடைய ‘கர’ என்ற வினையடியிலிருந்து சொல்லை அமைப்பது நல்லது. காக்கை கரவாமல் கரைந்து உண்ணும் என்னும் குறளில் நாம் பள்ளியிலேயே படித்த வினை இது. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை மறைத்துப் பாடும் சித்திரகவிக்குக் கரந்துறைச் செய்யுள் என்று பெயர். கரவு என்னும் பெயர்ச்சொல் மறைவையும் வஞ்சத்தையும் ஒருங்கே குறிக்கும். கள்ளாமை அதிகாரத்தில் அது களவோடு சேர்த்தே பேசப்படுகிறது. நிரல் என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல். இரண்டையும் சேர்த்துக் கரவுநிரல் என்றால், விளக்கம் கேட்காமலேயே ஒருவருக்குப் பாதிப் பொருள் பிடிபட்டுவிடும். வேர் என்னும் அதிகாரக் குறிப்பு இதில் விடுபடுகிறது. ஆயினும் இன்றைய வழக்கில் ரூட்கிட்டை அடையாளப்படுத்துவது அதன் மறைவே ஆதலால் இந்த இழப்பைப் பொறுக்கலாம்.

பயன்படுத்தும்போது ஒரு வரையறை வேண்டும். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டுகள் எல்லாம் கரவுநிரல்கள் அல்ல; பூட்டு இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, நீக்கும் வழியையும் தந்தால், அதைக் காப்புப் பூட்டு என்றே குறிப்பிட வேண்டும். தீநிரல் என்பது கேடு செய்யும் அனைத்துக்கும் பொதுப்பெயர். உரிமையாளர் தேடினாலும் அகப்படாதவாறு கணினியையே பொய் சொல்ல வைப்பதற்கு மட்டும் கரவுநிரல் என்ற பெயரை ஒதுக்கி வைக்கலாம்.