உருகாததை ஏன் 'உருக்கிணைப்பு' என்கிறோம்?

போன மாதம் கிண்டிப் பக்கம் ஒரு கல்லூரிக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தூளை உருக்காமல் சூடாக்கிக் கெட்டிப் பொருளாக்குவதைச் சின்டரிங் என்பார்கள். மாணவர்கள் ஒட்டியிருந்த சுவரொட்டி ஒன்றில், அதை மின்சாரத்தால் செய்யும் ஸ்பார்க் பிளாஸ்மா சின்டரிங் என்ற முறைக்கு 'தீப்பொறிக் குருதிநீர்ம உருக்கிணைப்பு' என்று எழுதியிருந்தார்கள். மின்னேற்றம் பெற்ற வளிமமான பிளாஸ்மா, ரத்தத்தின் பிளாஸ்மாவாகிவிட்டது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டதால் வந்த வினை. சொன்னதும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சின்டரிங்குக்குப் போட்ட 'உருக்கிணைப்பு' என்பதை மட்டும் விட மனம் வரவில்லை. "எங்க நோட்ஸ்லயே அப்படித்தான் சார் இருக்கு" என்றான் ஒரு பையன். இந்தச் சொல்லை நான் கேட்பது இது எத்தனையாவது முறையோ! அதனால்தான் எழுதுகிறேன்.

சின்டர் ஜெர்மன் சொல். உலையில் மிஞ்சும் கசடு என்பது பழைய பொருள். ஆங்கிலத்தில் தணல் கரியைக் குறிக்கும் சிண்டர் இதன் உறவு. வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்தில் படியும் கெட்டிப் படிவத்தை நிலவியலார் சின்டர் என்று அழைத்தார்கள். பிறகு உலோகத் துறைக்கு வந்து, தூளைச் சூடாக்கிக் கெட்டிப் பொருளாக்கும் வேலைக்குப் பெயரானது. பிறப்புக் கதை இவ்வளவுதான்.

அந்த வேலையின் உயிர் எங்கே இருக்கிறது? பொருள் உருகுவதில்லை என்பதில். உருகுநிலைக்குக் கீழேயே தூளின் மணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அணுக்கள் மெல்ல நகர்ந்து கழுத்துப்போல் ஒட்டுகின்றன. கழுத்து தடிக்கத் தடிக்க இடைவெளி சுருங்கும், பொருள் இறுகும். டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதை ஊற்றி வார்ப்பது பெரும்பாடு என்பதால்தான் தூளாக எடுத்து இப்படிக் கெட்டியாக்கினார்கள். உருக்க முடியாததற்காக வந்த வழிக்கே 'உருக்கு' என்று பெயர் வைத்தால் படிக்கிற பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? வெல்டிங், அதாவது பற்றவைப்பு என்றுதான். அங்கேதான் இரண்டு விளிம்பும் உருகி இணைகின்றன. போதாக்குறைக்கு, உருக்கு என்றால் நம் வழக்கில் எஃகும்கூட. உருக்காலை என்று சொல்கிறோமே! 'உருக்கிணைப்பு' என்பதை எஃகுத் துண்டுகளின் இணைப்பு என்று ஒருவர் படித்தால் குற்றம் அவருடையதா?

ஒரு மறுப்பு வரும், அது நியாயமான மறுப்பு. உலோகத்தைச் சீவும் டங்ஸ்டன் கார்பைடு வெட்டுமுனைகளில் கோபால்ட் என்ற உலோகத்தைச் சேர்த்து 1,400 டிகிரியை ஒட்டிச் சூடாக்கும்போது கோபால்ட் இளகி ஓடுகிறதே, அது உருகல் இல்லையா? உருகல்தான். ஆனால் கடலை மிட்டாயில் பாகாவது வெல்லம்தான், கடலை இல்லை. கார்பைடு மணிகள் மணிகளாகவே நிற்கின்றன, அச்சில் அழுத்திய வடிவமும் கலைவதில்லை.

சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இந்த ஸ்பார்க் பிளாஸ்மா எந்திரத்தை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். கிராஃபைட் உருளை அச்சுக்குள் தூள், மேலும் கீழும் கிராஃபைட் தண்டு. வெற்றிடத்தில் தண்டுகள் நெருக்க, சில வோல்ட் மட்டுமே உள்ள ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் விட்டு விட்டுத் துடிப்பாகப் பாய்கிறது. நிமிடத்துக்கு 100 டிகிரி ஏறுவது இதற்குச் சாதாரணம். சிர்கோனியம் டைபோரைடு என்ற, கடும் வெப்பம் தாங்கும் பீங்கான் வகைப் பொருள் உருக 3,200 டிகிரிக்கு மேல் வேண்டும்; இங்கே 2,000 டிகிரியை ஒட்டியே இறுகிவிடுகிறது. சில நிமிடங்களில் வேலை முடிவதால் நுண்மணிகள் வளர்ந்து பருக்க நேரமில்லை, நானோ அளவுத் தூள் என்றால் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே நிற்கிறது. புதுவகைப் பொருள் செய்கிறவர்கள் இதைத் தேடி வருவது அதற்காகத்தான். வெளியே வந்த வில்லை கறுப்புத் தாள் ஒட்டிய பழைய காசுபோல் இருந்தது. ஆய்வு மாணவி உப்புத்தாளில் தேய்க்கத் தேய்க்க, உள்ளிருந்து சாம்பல் நிறப் பளபளப்பு வந்தது.

சின்டரிங்கைக் 'கிட்டங்கட்டல்' என்போரும் உண்டு. கிட்டம் இரும்புக் கசடு. ஜெர்மன் வேருக்கு நேர்ச் சொல். தூய தமிழ்தான், எனக்கும் பிடித்த சொல். ஆனால் கசடு என்ற பொருளை அந்த ஜெர்மன் சொல்லே இந்தத் துறையில் உதறிவிட்டது. நல்ல பொருளைச் செய்யும் தொழிலுக்கு நாம் ஏன் அதைப் பூச வேண்டும்?

நமக்கு வேண்டிய சொல் இந்த ஊரிலேயே கிடக்கிறது. சூளை என்று ஒரு பகுதியே உண்டு. குயவர் குடியிருந்த கொசப்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. பானையை யாரும் உருக்குவதில்லை, சுடுகிறார்கள். சுட்டது இறுகுகிறது, கொஞ்சம் சுருங்கவும் செய்கிறது. சின்டரிங்கில் நடப்பதும் அதுதான். ஆகவே 'சுட்டிறுக்கல்' என்பேன். சுட்டிறுக்கிய பல்சக்கரம், சுட்டிறுக்கும் உலை என்று வினையாகவும் ஓடும். சுட்டு என்றால் சுட்டிக்காட்டுவது ஆகாதா என்றார் ஒரு நண்பர். சுட்ட செங்கல் என்றால் சுட்டிக்காட்டிய செங்கல் என்று யாராவது நினைக்கிறோமா?

ஸ்பார்க்கையும் பிளாஸ்மாவையும் தமிழில் சுமக்கத் தேவையில்லை. ஜப்பானில் கியோஷி இனோவே 1960களில் காப்புரிமை பெற்றபோது மணிகளுக்கிடையே பொறி பறக்கிறது என்றே கருதினார். உள்ளே பொறியோ பிளாஸ்மாவோ உண்டாகிறது என்பதற்கு ஐயமற்ற சான்று இன்றுவரை இல்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. நடப்பதைச் சொல்வதானால் 'மின்துடிப்புச் சுட்டிறுக்கல்' போதும். அம்பத்தூர்ப் பட்டறையில் சின்டரிங் என்றே சொல்லட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. தமிழில் எழுதுகிறேன் என்று சொல்லிப் பொருளைக் கெடுப்பதுதான் பொறுக்கவில்லை.

அதே சுவரொட்டியில் இன்னொன்று. சுடுவதற்கு முன் அழுத்தி வைத்த தூள்கட்டியை ஆங்கிலத்தில் கிரீன் காம்பேக்ட் என்பார்கள். அதற்குப் 'பச்சை நிற வில்லை' என்று போட்டிருந்தார்கள். செங்கல் சூளையில் சுடாத கல்லைப் பச்சைக்கல் என்றுதானே சொல்கிறோம்? பச்சை வில்லை என்று விட்டிருந்தாலே நூற்றுக்கு நூறு சரி. உருக்கிணைப்பைப் பற்றி யோசிக்க நாளாகும் என்றால், அந்த 'நிற' என்ற இரண்டு எழுத்தையாவது இன்றைக்கே அடித்துவிடுங்கள்.